மாசிலாமணி நின்ற இடம்

நாலு மணிக்கு வந்துவிடுவார்கள் என்று திலீபன் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டு மரப்படி ஏறி மேல்தட்டுக்குப் போனான். இருபது பேர். பழைய கட்டடங்களைத் தேடித்தேடி நடந்து பார்க்கிற கூட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு பேட்டை. இந்த மாதம் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகள், அதில் இந்த வீடும் ஒன்று. அம்மா ஐந்து நிமிஷம் பேசினால் போதும், இருபத்தோரு வருஷம் டைப்பிஸ்டாக இருந்த ஆபீசிலேயே இப்போது குடியிருக்கிறார் என்றால் யாருக்குத்தான் கேட்கப் பிடிக்காது என்று போன வாரம் அவன் சொன்னபோது குணவதி சரி என்றிருந்தாள். அவன் எது கேட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது சரிதான். இப்போது மணி ஒன்றே முக்கால். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தன் கட்டிலில் வந்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டேகால் மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். உடனே, எதற்குச் சொல்ல வேண்டும், லிஃப்டைப் பற்றிச் சொல்லலாமே, கம்பிக்கதவு வைத்த அந்த லிஃப்ட் மழைக்காலத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும், உள்ளே மாட்டிக்கொண்டவருக்குக் கம்பி இடுக்கு வழியாகத் தேநீர் கொடுப்பார்கள், எல்லாரும் சிரிப்பார்கள், ஐந்து நிமிஷத்துக்கு லிஃப்ட் போதும் என்றும் நினைத்தாள்.

"லாஃப்ட் வாங்கியிருக்கேம்மா" என்று அவன் போனில் சொன்ன அன்றைக்கு அவளுக்குப் பெரம்பூர் வீட்டுச் சமையலறைப் பரண்தான் ஞாபகம் வந்தது. அண்டாவும் உடைந்த டேபிள்ஃபேனும் அவள் புருஷன் சபாபதியின் மில் யூனியன் தகரப்பெட்டியும் ஏறி உட்கார்ந்திருந்த பரண். "பரணை எதுக்குடா காசு கொடுத்து வாங்குற?" என்று கேட்டாள். அவன் சிரித்த சிரிப்பு. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். அந்தக் காலத்து ஆபீஸ் கட்டடம்மா, உள்தடுப்பையெல்லாம் எடுத்துட்டு ஒரே ஹாலா விட்டிருக்காங்க, இருபதடி உயரக் கூரை, பாதி உயரத்தில மரத்தட்டு போட்டு அதில எங்க படுக்கை, கீழே உனக்கு சன்னலோரம். எந்த இடம் என்று சொல்லவில்லை. வந்து பாரு, ஆச்சரியப்படுவே என்றான். குளியலறையில் விழுந்து இடுப்பு பிசகியதிலிருந்து அவளைத் தனியாக விடப்போவதில்லை என்று அவனும் அவன் மனைவி யாமினியும் முடிவு செய்திருந்தார்கள், அந்த முடிவில் அவளுக்கும் நிம்மதிதான், சபாபதி போனபிறகு அந்தப் பெரம்பூர் வீட்டில் பேச ஆள் கிடையாது. கார் செகண்ட் லைன் பீச் தெருவிலிருந்து அந்தச் சந்துக்குள் திரும்பியது. சந்துக்குள் பேப்பர்க் கடைகள், பார்சல் ஆபீஸ், தள்ளுவண்டி, எல்லாம் அப்படியே. மூன்றாவது கட்டடத்து வாசலில் வண்டி நின்றது. இறங்கம்மா, எந்த இடம் தெரியுதா என்றான். தெரியாமல் என்ன. அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று யாமினி அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இந்த இடம் வேண்டாம், என்னை எங்கேயாவது ஒரு ஹோமில் விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். காரணம் கேட்பார்கள். காரணம் கேட்பார்கள் என்பதற்காகவே எட்டு மாதமாக இங்கே படுத்து எழுந்துகொண்டிருக்கிறாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சுவரெல்லாம் வெளிர்பச்சை டிஸ்டெம்பர், ஆள் உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. இப்போது அதையெல்லாம் சுரண்டி எடுத்து, செங்கல்லை வெளியே தெரியும்படி விட்டு, அதற்கு மேல் ஏதோ பளபளவென்று பூசியிருக்கிறார்கள். பூச்சு உரிந்த சுவர் என்றால் முன்பு தரித்திரம், இப்போது அதுதான் விலை. மானேஜர் கோபால்ரத்னத்தின் கண்ணாடிக் கேபின் இருந்த இடத்தில் கருங்கல் பலகை போட்ட சமையல் மேடை. டைப்பிஸ்டுகள் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்த இடத்தில் சோபாவும் டீவியும். இரும்புத் தூண்கள் மட்டும் அதே தூண்கள், ஆறு, அவற்றுக்குக் கறுப்பு வர்ணம். மூன்றாவது தூணுக்கும் நாலாவது தூணுக்கும் நடுவில், சன்னலோரம், தபால் அனுப்பும் பிரிவு. மாசிலாமணியின் மேஜை. பசைக்கிண்ணம், தபால்தலைகளை நனைக்கிற பஞ்சு, சணல் உருண்டை, முத்திரைக் கட்டை. அங்கேதான் அவள் கட்டில். அந்த இடம்தான் காற்றோட்டமானது என்று யாமினி பார்த்துப் பார்த்துப் போட்டாள். உண்மைதான், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடல்காற்று கிழக்கே இருந்து இந்தச் சன்னல் வழியாகத்தான் நேரே உள்ளே வருகிறது. இதோ வருகிறது. திரைச்சீலை அசைகிறது. அந்தக் காற்றில் கடிதங்கள் பறந்துவிடும் என்று அவர் ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கல்லை வைத்திருப்பார், எங்கேயோ கடற்கரையில் பொறுக்கிய வழவழப்பான கல். சிரித்த மாதிரி முகம் அவருக்கு. சிரிக்காதபோதும் சிரித்த மாதிரி. விசாரணை நடந்த அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, அதனாலேயே கோபால்ரத்னத்துக்கு ஆத்திரம் அதிகமானது.

இந்த வீட்டில் சுவர் கிடையாது, அதுதான் கஷ்டம். மேல்தட்டில் யாமினி வளையலைக் கழற்றி வைப்பது கீழே கேட்கும். கீழே இவள் இருமினால் மேலே அவர்கள் புரண்டு படுப்பது கேட்கும். யோசித்தால்கூடக் கேட்டுவிடுமோ என்று இவளுக்குச் சில சமயம் தோன்றும். கதவு என்று இருப்பது குளியலறைக்கு ஒன்றுதான். அதற்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு மூடிய கம்மோடின் மேல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். "அம்மா, வயிறு சரியில்லையா?" என்று வெளியிலிருந்து திலீபன் கேட்பான். போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து உட்கார்ந்தபோது யாமினி காய் நறுக்கிக்கொண்டே, சாதாரணமாக, "அத்தை, மாசிலாமணின்றது யாரு?" என்று கேட்டாள். இவள் போர்வையை மடித்துக்கொண்டே, பெரம்பூரில் எதிர் வீட்டுக்காரர் என்றாள். "தூக்கத்தில கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க" என்றாள் யாமினி. அவ்வளவுதான், மறுபடி காயைப் பார்த்தாள். கூப்பிட்டது மட்டும்தானா, வேறு ஏதாவது சொன்னேனா என்று கேட்க முடியுமா? கேட்டால், சொல்வதற்கு வேறு ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். அன்றிலிருந்து மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டாள். உட்கார்ந்தே இருப்பாள். உட்கார்ந்திருந்தால் சன்னலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சன்னலைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் தெரிகிறது. எதிர்ப்பக்கம், பார்சல் ஆபீஸ் வாசலில், மழைக்காக நீட்டிவிட்ட அந்தக் கான்கிரீட் தகட்டின் கீழே, சரியாக ஒரு ஆள் நிற்கிற இடம்.

இரண்டு கவர். வேறொன்றும் இல்லை, இரண்டு கவர்தான். கப்பலில் வந்த சரக்கு நனைந்தால், உடைந்தால், ஏன் நனைந்தது, யார் தப்பு என்று பார்த்து ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிற கம்பெனி அது. எண்பத்தைந்தாம் வருஷம், ஆடி மாதம். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது, வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம், நிரந்தரமாக்க இன்னும் மூன்று மாதம். சபாபதியின் மில் பூட்டிக் கிடந்தது. அன்றைக்கு மத்தியானம் மூன்றரை மணிக்கு, கீழே இருந்த கடைக்குப் போன் வந்திருக்கிறது, திலீபனுக்கு ஜுரம் நூற்று மூன்று, பக்கத்து வீட்டம்மாள் பேசினாள், பிள்ளைக்குக் கண் சொருகுது, சீக்கிரம் வா. அவனுக்கு அப்போது ஒரு வயசு. மேஜை மேல் இரண்டு கடிதம் கையெழுத்தாகி இருந்தன. ஒன்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போக வேண்டிய ரிப்போர்ட், ரகசியம் என்று மேலே இவளே அடித்திருந்தாள். இன்னொன்று எதிர்த்தரப்புக் கப்பல் ஏஜெண்டுக்கு, சந்திப்பதற்குத் தேதி கேட்டு மூன்று வரி. இரண்டையும் மடித்தாள், இரண்டு கவரில் போட்டாள், பசையைத் தொட்டு ஒட்டினாள், மாசிலாமணி மேஜையில் வைத்துவிட்டு ஓடினாள். "பார்த்துப் போம்மா, படியில விழுந்துடப்போற" என்றார் அவர். பிள்ளை பிழைத்தான். நாலாம் நாள் காலைத் தபாலைப் பிரித்தபோது இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த மூன்று வரிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது, தவறுதலாக எங்களுக்கு வந்துவிட்டது என்று ஒரு துண்டுச்சீட்டோடு. அப்படியானால் அந்த ரகசிய ரிப்போர்ட் எங்கே போயிருக்கும் என்று புரிந்துகொள்ள ஒரு நொடி போதுமானதாக இருந்தது. அவள் அந்தக் கடிதத்தையும் சீட்டையும் கைப்பையில் வைத்தாள். கார்பன் பிரதியைப் பார்த்து ரிப்போர்ட்டைப் புதிதாக அடித்தாள். கட்டுக்கட்டாகக் கையெழுத்துக்குப் போகும் மற்றக் கடிதங்களோடு அதையும் வைத்தாள், கோபால்ரத்னம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார், அன்றைக்கே இன்ஷூரன்ஸுக்கு அனுப்பினாள். வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு வெந்நீர் வைத்த அடுப்பில் கைப்பையிலிருந்ததைப் போட்டு எரித்தாள். இதையெல்லாம் பதறிப்போய்ச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டுமிருக்கிறாள். ஆனால் புதிதாக அடித்த ரிப்போர்ட்டில் ஒரு பிழைகூட இல்லை. பதறுகிற கைக்கு அப்படி அடிக்க வராது.

கப்பல் ஏஜெண்ட் அந்த ரிப்போர்ட்டை வரிக்கு வரி எடுத்துச் சொல்லி வழக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். இன்ஷூரன்ஸ்காரர்கள் கம்பெனியை விட்டு விலகினார்கள். யாரோ கவரைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள் என்று கோபால்ரத்னம் முடிவு செய்தார், கவர் யார் கையில் இருக்கும், தபால் பிரிவில் இருப்பவர் கையில்தானே. மாசிலாமணி பன்னிரண்டு வருஷ சர்வீஸ். கேபினுக்குள் நின்றுகொண்டு, என் கைக்கு வரும்போதே கவர் ஒட்டித்தான் வந்தது, குணவதிம்மாவைக் கேளுங்க சார் என்றார். அவளைக் கூப்பிட்டார்கள். இதோ, சமையல் மேடையின் இந்த ஓரத்தில்தான் நின்றாள். கவரை ஒட்டிக் கொடுத்தது நீங்களா என்றார் கோபால்ரத்னம். மாசிலாமணி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. கெஞ்ச வேண்டியிருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. உண்மையைக் கேட்கிறார்கள், இவள் சொல்லப்போகிறாள், அவ்வளவுதான். "ஞாபகமில்லை சார்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சில நாள் அவரே ஒட்டிக்குவார்" என்று சேர்த்துச் சொன்னாள். அந்த இரண்டாவது வாக்கியம் எங்கேயிருந்து வந்தது? யாரும் கேட்காத வாக்கியம். முதல் வாக்கியத்துக்குப் பிள்ளையின் ஜுரம், பூட்டிய மில், நிரந்தரமாகாத வேலை என்று காரணம் இருந்தது. இரண்டாவதுக்கு என்ன காரணம் என்று இத்தனை வருஷம் தேடியும் அவளுக்குக் கிடைக்கவில்லை. யாமினி வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அந்த ஓரத்தில்தான் நின்று நறுக்குகிறாள்.

வேலையை விட்டு அனுப்பிய மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவர் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, பைக்குள் டிபன் டப்பா. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள், கோபால்ரத்னம் வாட்ச்மேனைக் கூப்பிட்டு எச்சரித்து வைத்தார். அவர் சண்டை போடவில்லை. நின்றார். மத்தியானம் ஒரு மணிக்குக் கொஞ்சம் தள்ளிப் போய், தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். மறுபடி வந்து நின்றார். ஐந்தரைக்குப் போய்விட்டார். மறுநாளும் அப்படியே. வீட்டில் சொல்லவில்லை போலிருக்கு, ராயபுரத்திலிருந்து ஆபீசுக்குப் போகிற மாதிரியே கிளம்பி வருகிறார், போக வேறு இடம் தெரியவில்லை என்று டைப்பிஸ்ட் ஸ்டெல்லா சொன்னாள். அது சரியாகத்தான் இருக்கும். அவர் பெண்டாட்டி காலையில் எழுந்து அந்த டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள், மாலையில் என்ன வேலை இன்றைக்கு என்று கேட்டிருப்பாள், அவர் ஏதாவது சொல்லியிருப்பார், தபால் ஜாஸ்தி என்றிருப்பார். நாற்பத்தோரு நாள். தினமும் காலையில் சந்துக்குள் நுழையும்போது குணவதி தலையைக் குனிந்துகொண்டு இந்தப் பக்கச் சுவரை ஒட்டியே நடந்து வருவாள். ஒரு வார்த்தை அவர் அவளிடம் பேசவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். திங்கட்கிழமை சொல்லிவிடலாம். நிரந்தரமானதும் சொல்லிவிடலாம், அப்போது என்னைச் சுலபமாக அனுப்ப முடியாது. நாற்பத்திரண்டாம் நாள் அவர் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க முடியாது, அன்றைக்கு அவளுக்கு நிம்மதியாக இருந்தது, மத்தியானம் ஸ்டெல்லாவோடு போய்க் கரும்புச்சாறு குடித்தாள்.

கை. அந்தக் கைக்குத்தான் அவளால் அர்த்தம் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நாற்பத்தோரு நாளில் ஒரே ஒரு தடவை அவர் மேலே பார்த்தார். அவள் தேநீர் டம்ளரோடு சன்னலுக்கு வந்திருந்தாள், யாரும் இல்லை என்று நினைத்து எட்டிப் பார்த்தாள், அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார், வலது கையை நெற்றிவரை தூக்கினார். அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள். ஆபீசில் காலையில் பார்க்கும்போது ஒரு கையை அப்படித்தான் தூக்குவார், வணக்கம் மாதிரி, சலாம் மாதிரி, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அப்படியானால் அவர் அவளை மன்னித்திருக்கிறார், அல்லது சந்தேகமே படவில்லை, அல்லது உன்னைத் தெரியும் என்று சொல்கிறார். இல்லை, வெயிலுக்காகக் கண்ணை மறைத்திருக்கலாம். வந்த முதல் வாரத்திலிருந்து அவள் வெயிலைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். காலையில் வெயில் கடல் பக்கமிருந்து வருகிறது, எதிரே நிற்பவருக்கு முதுகில்தான் விழும், கண்ணை மறைக்கத் தேவையில்லை. மத்தியானம் திரும்பினால் இந்தக் கட்டடத்துக்கு மேலே இருந்து அவர் முகத்தில் விழும். ஆக, அது காலை என்றால் வணக்கம், மாலை என்றால் வெயில். தேநீர் டம்ளர் கையில் இருந்தது. ஆபீசில் பதினொரு மணிக்கும் தேநீர், மூன்று மணிக்கும் தேநீர். எது என்று ஞாபகமில்லை. உண்மையாகவே ஞாபகமில்லை. டம்ளரின் சூடு ஞாபகமிருக்கிறது, அதன் விளிம்பிலிருந்த நசுங்கல் ஞாபகமிருக்கிறது, மணி மட்டும் இல்லை. அவர் இப்போது இருந்தால் எண்பத்தைந்து வயசு இருக்கும். இருக்கக்கூடும். ராயபுரம் இங்கிருந்து ஒரு ஸ்டேஷன். இருபத்தோரு வருஷமாக வேலைக்கு வந்து போனபோதும் சரி, இந்த எட்டு மாதத்திலும் சரி, அந்த ஒரு ஸ்டேஷனைத் தாண்டி அவள் போய் விசாரிக்கவில்லை.

மூன்று மணி ஆனபோது எழுந்துவிட்டாள். முடிவு செய்துதான் எழுந்தாள். கூட்டத்திடம் அல்ல, முதலில் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். அவன் என்ன சொன்னாலும் சரி. திட்டினால் நல்லது. எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது, தூணைப் பிடித்து நின்றாள். திலீபன் கீழே இறங்கி வந்து சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"திலீபா, இங்க வேலை பார்த்தப்ப ஒண்ணு நடந்துச்சு. உன்கிட்ட சொல்லணும்."

"இப்ப சொல்லிடாதம்மா" என்றான், சோபாவை விடாமல். "அவங்க வந்ததும் சொல்லு. நானும் புதுசா கேக்கிற மாதிரி இருக்கட்டும். வீடியோல நல்லா வரும்."

"இது அப்படி இல்லப்பா. எனக்கு மனசுல ரொம்ப நாளா…"

"அதான்மா வேணும். லிஃப்ட் கதையெல்லாம் எல்லா பழைய கட்டடத்துலயும் இருக்கு. மனசுல இருக்கிறதைச் சொல்லு."

யாமினி சமையல் மேடையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள். குணவதி தூணிலிருந்து கையை எடுத்தாள். பிறகு புடவை மாற்றிக்கொள்ளப் போனாள்.

நாலு பத்துக்கு வந்தார்கள். படியேறி மூச்சு வாங்க, தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக, பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்கள், நடுவே இரண்டு மூன்று நரைத்த தலைகள். கூட்டி வந்த ஆள், சண்முகநாதன் என்று பெயர், கூரையைக் காட்டித் தேக்கு உத்திரம் என்றார், செங்கல்லைத் தட்டிக் காட்டினார். அப்புறம் திலீபன் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, இவங்கதான் என் அம்மா என்றான். இருபது முகம். பேசத் தொடங்கும்வரை எதைச் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னாள். இரண்டு கவரையும் சொன்னாள், பிள்ளைக்கு ஜுரம் வந்ததைச் சொன்னாள், திருப்பி வந்த கடிதத்தை எரித்ததைச் சொன்னாள். ஞாபகமில்லை சார் என்று சொன்னதைச் சொன்னாள். அதற்கடுத்த வாக்கியத்தையும் சொன்னாள், குரல் அந்த இடத்தில் உடையும் என்று நினைத்தாள், உடையவில்லை, கணீரென்று இருந்தது. நாற்பத்தோரு நாள் அவர் நின்றதைச் சொன்னாள். கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. இதோ இப்போது என்று அவள் காத்திருந்தாள். யாராவது எழுந்து, நீங்களெல்லாம் மனுஷியா என்று கேட்கட்டும். யாராவது செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகட்டும்.

நரைத்த தலைக்காரர் ஒருவர், "அப்புறம் அவர் என்ன ஆனார்?" என்று கேட்டார்.

"தெரியலை."

"நீங்க தேடிப் பார்க்கலையா?"

"இல்லை."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் எழுந்து வந்து குணவதியின் கையைப் பிடித்து, "நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க ஆன்ட்டி" என்றாள். கஷ்டப்பட்டது நான் இல்லை என்று சொல்ல வேண்டும், அதற்குள் யாரோ, அவர் நின்ன இடம் எது, இங்கிருந்து தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று திலீபன் திரைச்சீலையை விலக்கினான். எல்லாரும் அவள் கட்டிலைச் சுற்றி சன்னலுக்குப் போனார்கள். ஒரு பையன் கட்டில் மேலேயே முழங்காலை ஊன்றிக்கொண்டான். போன்கள் வெளியே நீண்டன. ஞாயிற்றுக்கிழமை, பார்சல் ஆபீஸ் பூட்டியிருந்தது, கீழே ஒருவரும் இல்லை. அந்தக் காலி இடத்தைப் படம் எடுத்தார்கள். பிஸ்கட் நன்றாக இருக்கிறது என்று யாரோ யாமினியிடம் சொன்னார்கள். சண்முகநாதன் கடிகாரத்தைப் பார்த்து, அடுத்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வங்கிக் கட்டடம், ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்றார். போகும்போது ஒவ்வொருவராக வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். படியில் அவர்கள் இறங்கும் சத்தம் கடைசிவரை கேட்டது.

திலீபன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் அவள் தேடியது எதுவும் இல்லை. பெருமைதான் இருந்தது, அதன் அடியில் கொஞ்சம் சங்கடம்.

"அம்மா, அடுத்த மாசம் இன்னொரு குரூப் வருது. இதையே சொல்லு. ஆனா அந்தக் கவர் மாறின விஷயம், லெட்டரை எரிச்சது, அதெல்லாம் வேணாம்."

"அதுதானேப்பா நடந்தது."

"நடந்ததுதான், யாரு இல்லேன்னா. நாப்பது வருஷம் ஆச்சும்மா. கேக்கிறவங்க உன்னைத் தப்பா எடுத்துக்குவாங்க. எனக்கு ஜுரம், நீ என்ன பண்ணுவே. ஒரு ஆள் தினமும் வந்து நின்னார், அது போதும், அதுதான் மனசைத் தொடுது."

"அத்தைக்குக் கொஞ்சம் காபி போடட்டுமா?" என்றாள் யாமினி. அவள் கண் ஒரு கணம் குணவதியின் மேல் நின்றது. எதிர் வீட்டுக்காரர் என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். அடுப்பைப் பற்றவைத்தாள்.

திலீபன் போனில் எதையோ அடித்துக்கொண்டிருந்தான். குரூப்பில் போடப்போகிறேன், படத்துக்குக் கீழே, நீ ஒரு தடவை பாரும்மா, டைப்பிஸ்ட் நீதானே என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். வெறும் தெரு, பூட்டிய ஷட்டர், நிழல். கீழே எழுதியிருந்தது: 'இந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த மாசிலாமனி என்பவர், வேலை போன பிறகும் இதைப் பிரிய மனமில்லாமல் நாற்பத்தோரு நாள் இங்கே வந்து நின்றாராம். சில கட்டடங்கள் மனிதர்களை விடுவதில்லை.'

இரண்டு தடவை படித்தாள். அப்படி இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். எப்படி இருந்தது என்று ஏற்கெனவே இருபது பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது.

"பேர்ல மூணு சுழி ண வரும்" என்றாள்.

அவன் அதை மட்டும் திருத்திக்கொண்டு அனுப்பினான்.